மூன்றாம் குடிலின் கூழாங்கற்கள்

தண்ணியக்கா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் பாதி நாள் வாசலோடு திரும்பி வந்த கணக்கு. ஆனால் அந்தப் பண்ணையில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் குழாயை விட்டு இறங்க வேண்டுமென்றால் அவர் வாய் திறந்தாக வேண்டும். படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நடந்தது அப்படித்தான்.

பண்ணை என்றால் நெல்லும் கரும்பும் இல்லை. கண்ணாடித்தாள் போர்த்திய மூன்று நீளமான பசுமைக்குடில்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கறுப்புத் தொட்டிகள். தொட்டிக்கு ஒரு புளூபெர்ரிக் கன்று. குச்சியில் வேர் பிடிக்க வைத்து, ஒரு சாண் வளர்த்து, பழத்தோட்டக்காரர்களுக்கு விற்பதுதான் அங்கே தொழில். பழம் பறிப்பது அவர்கள் பாடு. குழந்தையைத் தவழ வைத்துக் கொடுப்பது இவர்கள் பாடு.

தண்ணியக்கா அங்கே சேர்ந்தது தரை கூட்டுவதற்கு. கணவர் போய்ச் சேர்ந்து ஆறு மாதம், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கூட்டிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவில் போகும்போது ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்குத் தானாக வந்தது. ஈரமான தொட்டி கனக்கும், காய்ந்த தொட்டி கனக்காது. இது யாருக்கும் தெரியும். இவருடைய கை அதற்கு மேலே போனது. இன்றைக்கு விட வேண்டுமா, நாளைக் காலை வரை பொறுக்குமா என்பதைக் கை சொன்னது. அப்போது தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் விவசாயம் படித்து வந்த ஒரு இளைஞர். ஒரு கோடைக்காலம் முழுக்க இவர் கூட்டுகிற சாக்கில் "இந்த வரிசைக்கு வேணாம் சார், அந்த வரிசைக்கு விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த சார் வேறு வேலைக்குப் போன அன்று முதலாளி துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் தண்ணியக்கா. சொந்தப் பெயரைக் கேட்டால் சம்பளப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கையை வைத்துத்தான் மகளை வளர்த்தார், கல்லூரிக்கு அனுப்பினார், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டைக் கட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் சுவரைத் தட்டிக் காட்டி, "இது யார் காசும் இல்ல, என் கை" என்பார். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை சொட்டுநீர்க் குழாய் போடும் தொழிலாளி. அமைதியான ஆள். கல்யாணம் முடிந்த மறு வருஷம் அவனையும் அதே பண்ணையில் சேர்த்துவிட்டார் தண்ணியக்கா. குழாய், மோட்டார், நேரம் வைத்துத் திறக்கும் பெட்டி எல்லாம் அவன் பொறுப்பு. எத்தனை நிமிடம் திறக்க வேண்டும் என்பது மட்டும் மாமியார் பொறுப்பு. குடிலுக்கு ஒரு பெட்டி. அவற்றின் சாவிகள் மூன்றும் அவர் இடுப்பில்தான் தொங்கின.

வேலை இடத்திலும் அவன் அவரை "அத்தை" என்றுதான் கூப்பிடுவான். அவரும் எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதையை விட மாட்டார். "மாப்பிள்ளை, உங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு? அந்த முனையில ஒழுகுது பாருங்க" என்பார். தொட்டிக்குத் தென்னைநார்த் தூள் நிரப்பும் பெண் ஒருத்தி இருந்தாள். எந்தச் செய்தியும் அவள் காதில் விழுந்த பத்தாவது நிமிடம் மூன்று குடிலுக்கும் போய்விடும் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள், "மரியாதையாத் திட்டு வாங்கணும்னா இந்த வீட்டு மாப்பிள்ளையாத்தான் போகணும்" என்பாள்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூழாங்கல் வந்தது.

அந்த வருஷம் முதலாளி பெரிய பழம் தரும் ஒரு புது ரகத்தைக் கொண்டுவந்து மூன்றாம் குடிலில் வைத்தார். ஆயிரத்து அறுநூறு கன்றுகள். புளூபெர்ரியின் வேர் தலைமுடி மாதிரி. ஆழம் போகாது, மேலேயே படரும். ஈரம் ஒரு நாள் குறைந்தால் இலை ஓரம் கருகும். ஈரம் ஒரு வாரம் கூடினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். முந்தின வருஷம் மழைக்காலத்தில் அந்தக் குடிலில் கொஞ்சம் கன்றுகள் அப்படி அழுகிப் போயிருந்தன. அது தண்ணியக்காவுக்கு ஆறாத புண். புது ரகத்தைச் சிறு தட்டிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது அவர் ஒரு முடிவு செய்தார். வெளியே நடைபாதைக்குப் போட்டது போக ஒரு குவியல் கூழாங்கல் மிச்சம் கிடந்தது. அதைத் தொட்டியின் அடியில் இரண்டு விரல் உயரம் பரப்பி, அதன்மேல் தென்னைநார்த் தூளைப் போட்டுக் கன்றை வைத்தால் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி ஓடிவிடும், வேர் உலர்ந்து நிற்கும். கேட்டவர் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரேடியோவும் இன்னும் இரண்டு பெண்களும் பதினோரு நாள் உட்கார்ந்து அந்தக் கல்லை மூன்று தண்ணீரில் கழுவினார்கள்.

கன்று மாற்றிய பிறகு தண்ணியக்காவின் வழக்கமான உத்தரவு ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்கு யாரும் தொட்டியிலிருந்து கன்றை எடுத்து வேரைப் பார்க்கக் கூடாது. பச்சை உடம்புக்காரியைப் போர்வை விலக்கிப் பார்ப்பதுபோல அது என்பார்.

ஒரு மாதம் போனதும் மூன்றாம் குடிலின் கன்றுகள் மதியத்தில் துவள ஆரம்பித்தன. தண்ணியக்கா மேலே விரலை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன் கை சொன்னதற்கு மறுப்புச் சொன்னார். "இது கல்லோட கனம். தண்ணியோட கனம் இல்ல. உள்ள காஞ்சு கிடக்கு." நேரப் பெட்டியில் மூன்று நிமிடம் ஐந்து நிமிடமானது.

மருமகனிடம் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. ஒரு சாண் கம்பி, மேலே கைக்கடிகாரம் அளவு முகம். அதைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அத்தை, அடியில நூத்துக்கு எண்பதுக்கு மேல காட்டுது. ஈரம் ஜாஸ்தியா இருக்கு."

"மாப்பிள்ளை, உங்க கம்பி கல்லுல இடிச்சுக்கிட்டு உளறுது. இலை தொங்குறது கண்ணுக்குத் தெரியலையா? தாகத்துல கிடக்கிற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அவன் கம்பியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஐந்து நிமிடம் ஏழானது. இலைகள் சிவந்தன. பிறகு ஓரம் பழுத்தது. புதுத் துளிர் வருவது அடியோடு நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி மூன்றாம் குடிலின் நடுவில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை பெரிய பழத்தோட்டக்காரர் ஒருவர் கன்று பார்க்க வருகிறார். அவருக்காகவே போட்ட ரகம் இது.

"அக்கா, ஒண்ணாவது ரெண்டாவது குடில் நல்லா இருக்கு. இங்க மட்டும் ஏன் இப்படி?"

தண்ணியக்காவுக்குப் பதில் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தார். "தூள் அதேதான், உரம் அதேதான், கை அதேதான். குழாயைப் பாருங்க முதலாளி. தண்ணி எல்லாத் தொட்டிக்கும் போய்ச் சேரல."

முதலாளி இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. தண்ணியக்காவின் வார்த்தை அந்த இடத்தில் அப்படி. "சரி. புதன்கிழமை வேற குழாய்க்காரரை வரச் சொல்றேன். அவரு பாத்துட்டு இனி குழாய் வேலைய எடுத்துக்கட்டும். உங்க மாப்பிள்ளைன்னு பாக்க முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகன் நான்கு தொட்டி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். மாமியாரைப் பார்த்தான், பிறகு குனிந்து ஒரு குழாய் முனையைத் திருகினான்.

அன்று மாலை வீட்டில் மகள் பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே விஷயம் அவள் காதுக்கு வந்துவிட்டது தெரிந்தது. அவளுக்கு ஏழாவது மாதம்.

"அம்மா, சேத்துவிட்டதும் நீதான், இப்போ தள்ளிவிடுறதும் நீதானா?"

"உள்ளதச் சொன்னேன். வீட்டு ஆளுன்னு மூடி மறைச்சா நாளைக்கு என் வார்த்தைக்கு என்ன மதிப்பு?"

மருமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். மதியம் முழுக்க அவன் செய்த வேலை அது. வரிசைக்கு ஐந்து தொட்டி வீதம் குழாய் முனையைத் தூக்கி ஒரு டம்ளருக்குள் விட்டு, மூன்று நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து எழுதியிருந்தான். தண்ணியக்காவுக்கு எழுத்துதான் தகராறு, எண் நன்றாகவே படிப்பார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்.

"குழாய் சரியா இருக்கு அத்தை. தொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் பாக்கணும்."

"தொட்டிக்குள்ள என் இருபத்திரண்டு வருஷம் இருக்கு மாப்பிள்ளை. அதையா தோண்டணும்ங்கிறீங்க?"

அவன் தாளை மடித்தான். "புதன்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றான். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தண்ணியக்கா பதிலுக்குக் கத்தியிருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கத்தாமல் போனதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் செவ்வாய். வேலைக்குக் கிளம்பும் முன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மகளுக்குக் குனிய முடியாததால் அந்த மாதம் பாத்திரம் இவர் பங்கு. கழுவி முடித்து, நுரைப்பஞ்சை அலசி, தட்டு கவிழ்க்கும் கம்பித் தட்டின்மேல் படுக்க வைத்தார். தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. காய்ந்துவிட்டது என்று எடுத்து ஜன்னலில் வைக்கப் போனார், கையில் அமுக்கியதும் முழங்கை வரைக்கும் தண்ணீர் வழிந்தது.

அவர் அப்படியே நின்றார். பஞ்சை மறுபடி நனைத்துக் கம்பியின்மேல் படுக்க வைத்தார். சொட்டியது, நின்றது. அடியில் தொட்டுப் பார்த்தார். சதசதவென்று இருந்தது. கம்பிக்குக் கீழே கல்லுமில்லை, மண்ணுமில்லை, வெறும் காற்று. இறங்கி ஓட எவ்வளவோ இடம் இருக்கிறது. ஆனாலும் பஞ்சு தன் அடிவயிற்றுத் தண்ணீரை விடவில்லை. வெறும் காற்றுக்கே இறங்காத தண்ணீர் கூழாங்கல்லுக்கா இறங்கப் போகிறது?

பஞ்சை நிமிர்த்தி, செங்குத்தாக நிறுத்தினார். நின்றுபோன சொட்டு மறுபடி கிளம்பியது. உயரம் கூடினால் கூடுதலாக வடிகிறது. இவர் தொட்டியின் அடியில் கல்லைப் போட்டு, தூள் நிற்கும் உயரத்தைக் குறைத்திருந்தார்.

"அம்மா, பஞ்சை வச்சுக்கிட்டு என்ன விளையாட்டு? நேரமாகல?" என்றாள் மகள் உள்ளிருந்து.

"இரு, வரேன்" என்றார். ஆனால் இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பள்ளிக்கூடமும் போகவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

யாரும் வருவதற்கு முன்பே மூன்றாம் குடிலுக்குப் போனார். தன் உத்தரவைத் தானே மீறி ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மேலே மூன்று விரல் தூள் உலர்ந்து உதிர்ந்தது. அதற்குக் கீழே கஞ்சி மாதிரி இருந்தது. பழைய ஈரத்துணி நாற்றம். வேர்கள் பழுப்பாக, தொட்டதும் தோல் உரிந்து வந்தன. அதற்கும் கீழே கற்கள் மேலே லேசாக நனைந்து, அடியில் காய்ந்து கிடந்தன. தண்ணீருக்கு வழி விடத்தான் அவற்றைப் போட்டார். தண்ணீர் அவற்றின் தலைமேலேயே குடியிருந்தது. வேர் அழுகிய கன்று தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் துவண்டிருக்கிறது. இவர் அதைப் பார்த்து இன்னும் ஊற்றியிருக்கிறார்.

ஒரு கன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று முப்பது தொட்டிகளைக் கவிழ்த்தார். முப்பதிலும் அதே கதை. இரண்டாம் குடிலில் கல்லில்லாத ஒரு தொட்டியைக் கவிழ்த்தார். வேர் வெள்ளை வெளேரென்று தூளைச் சுற்றி வலை பின்னியிருந்தது.

இனி மறைப்பதென்றால் மறைக்கலாம். கவிழ்த்ததை மறுபடி நட்டு வைக்கலாம். புதன்கிழமை புது ஆள் வருவார், ஏழு நிமிடத்தை அவரே மூன்றாகக் குறைப்பார், கன்று கொஞ்சம் தேறும், குழாயில்தான் கோளாறு என்று ஊரே சொல்லும். தண்ணியக்காவின் பெயரில் ஒரு கீறல் விழாது. மருமகன் மட்டும் வேலை தேடி அலைவான். பிரசவ நேரத்தில் மகள் தாயைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று தண்ணியக்காவுக்குத் தெரியும். செவ்வாய் முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் குடிலின் தண்ணீரை மட்டும் அடைத்துவிட்டு வந்தார். ரேடியோ இரண்டு தடவை "உடம்புக்கு என்னக்கா?" என்று கேட்டும் பதில் இல்லை. செய்தி கிடைக்காத ரேடியோ, தானாகவே ஒரு காய்ச்சலைக் கிளப்பிவிட்டது.

புதன்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் தூள் நிரப்பும் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புதுக் குழாய்க்காரர் வந்து அளவு நாடாவோடு நின்றிருந்தார். முதலாளி அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். மருமகன் தன் சாமான் பெட்டியைக் கட்டி ஓரமாக வைத்திருந்தான். தண்ணியக்கா இரண்டு கையிலும் இரண்டு தொட்டிகளோடு உள்ளே வந்தார்.

"முதலாளி, புதுசா வந்தவரு டீ குடிச்சிட்டுக் கிளம்பட்டும். அவருக்கு இங்க வேலை இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

ஒரு தொட்டியை மேசையின்மேல் கவிழ்த்தார். கஞ்சியும் கல்லும் கொட்டின. ஒரு கல் உருண்டு ரேடியோவின் டம்ளரில் மோதியது. இன்னொன்றைக் கவிழ்த்தார். வெள்ளை வேர்.

"இது மூணாவது குடில். இது ரெண்டாவது. குழாய்ல ஒரு குத்தமும் இல்ல, என் மாப்பிள்ளை அளந்து எழுதியே வச்சிருக்காரு. கல்லு போட்டது நான். கல்லு மேல தண்ணி நிக்குது. தொட்டி கனத்தப்ப கல்லு கனக்குதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அவரு மீட்டரை வச்சுச் சொன்னாரு, நான் கேக்கல. வேரைப் பாக்க விடாம வச்சதும் நான்தான்."



முதலாளி கஞ்சியை விரலால் கிளறினார். "திங்கட்கிழமை உங்க ஒரு வார்த்தையிலதானே நான் ஆளையே மாத்தப் பாத்தேன்?"

"அந்த வார்த்தைய வாபஸ் வாங்கத்தான் வந்திருக்கேன். ஆனா ஒண்ணு முதலாளி. தப்பு செஞ்சாலும் அரைகுறையாச் செய்யல. ஆயிரத்து அறுநூறு தொட்டியிலயும் அளந்து ரெண்டே விரல். ஒண்ணுல கூடக் குறையாது. கல்லு பளபளன்னு கழுவினது."

"கழுவினது நாங்க" என்றாள் ரேடியோ.

புதுக் குழாய்க்காரர்தான் முதலில் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "எத்தனை நாள்ல சரி பண்ண முடியும்?" என்றார்.

"உயரமான தொட்டி குடுங்க, கல்லு வேணாம், வெறும் தூள். கெட்ட வேரை வெட்டிட்டு மாத்தணும். அஞ்சு பேர் இருந்தா நாலு நாள்."

"வெள்ளிக்கிழமைக்கு முடியாது."

"முடியாது" என்றார் தண்ணியக்கா. வாழ்க்கையில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

முதலாளி மருமகன் பக்கம் கையை நீட்டினார். "மூணாவது குடில் சாவிய மாப்பிள்ளைகிட்டக் குடுங்க. அதோட தண்ணி இனி அவரு கணக்கு. மத்த ரெண்டும் உங்களோடது."

தண்ணியக்கா இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினார். கழற்ற நேரமானது, வளையம் இறுகியிருந்தது. மருமகன் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"எத்தனை நிமிஷம் வைப்பீங்க மாப்பிள்ளை?"

"இப்போதைக்கு ஒண்ணும் வைக்கல அத்தை. மீட்டர் இறங்கட்டும்."

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், தொட்டி மாற்றப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்த பழத்தோட்டக்காரர் முதல் இரண்டு குடிலின் கன்றுகளை எடுத்துக்கொண்டார். மூன்றாவதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எட்டு வாரம் கழித்து வருகிறேன், அப்போது உயிரோடு இருப்பதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நானூற்றுச் சொச்சம் கன்றுகள் பிழைக்கவில்லை. மற்றவை மெதுவாகத் தலை நிமிர்த்தின.

மகள் விஷயத்தைக் கேட்டது புதன்கிழமை மாலையிலேயே. அம்மா செருப்பைக் கழற்றும்போதே கதவருகில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, எல்லார் முன்னாடியும் உன் தப்புன்னு சொன்னியாமே?"

"யாரு சொன்னது?"

"அவருதான்."

தண்ணியக்கா செருப்பை ஓரமாக வைத்தார். நிமிர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மருமகன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"சொன்னேன்னு மட்டும் சொன்னாரா, எப்படிச் சொன்னேன்னும் சொன்னாரா? கொட்டகைக்கு வெளிய நின்னவனுக்குக் கூடக் கேட்டுச்சு, அவ்வளவு சத்தமாச் சொன்னேன். கேட்டுப் பாரு."

"ஆமா" என்றான் மருமகன் குழாயை மூடிக்கொண்டே. "ரேடியோவே தேவைப்படல."